ஒரே ஆளின் மூளையை அடுத்த வாரமும் அளந்தால் அதே எண் வருமா? எஃப்எம்ஆர்ஐ, ஈஈஜி அளவீட்டின் நம்பகம்

பேட்டை மாணவி

எல்லாருக்கும் வணக்கம். தமிழ் வாசிப்பு பற்றி ஒரு எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யும்போது ரத்த ஓட்ட மாற்றத்தைப் படம் எடுக்கிற ஸ்கேன்) திட்டம் எழுதிக்கிட்டு இருக்கேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் மையத்துல ராத்திரி 9 மணிக்கு மேல 3 டெஸ்லா இயந்திரம் தருவாங்க. மொத்தமா 40 மணி நேரம் கிடைக்கும். இதை 40 பேருக்கு ஆளுக்கு ஒரு மணியா பிரிக்கலாம், இல்லன்னா 6 பேரை ஆளுக்கு ஆறு தடவை வரச்சொல்லலாம். வழிகாட்டி முதல் வழியைத்தான் சொல்லுதாங்க. என் கேள்வி தனி ஆளைப் பற்றியது: வேகமா வாசிக்கிறவங்களுக்கும் பைய வாசிக்கிறவங்களுக்கும் மொழிப் பகுதிகளோட எதிர்வினை வேறயா இருக்குமா? ஒரே ஆளை அடுத்த வாரம் அளந்தா அதே எண் திரும்ப வரும்னு எவ்வளவு தூரம் நம்பலாம்? அதுக்கு எத்தனை நிமிஷம் ஸ்கேன் வேணும்?

பொருநை சிக்னல்

நல்ல இடத்தில் நின்று கேட்கிறீர்கள். பணம் செலவழித்த பிறகுதான் பலர் இதைக் கேட்பார்கள்.

குழுச் சராசரியில் உறுதியாகத் தெரிகிற விளைவு, தனி ஆளை அளக்கும் கருவியாகவும் உறுதியாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வாக்கியம் வாசிக்கும்போது மூளையின் இடது டெம்போரல் (காதுப் பக்க) பகுதியில் சிக்னல் ஏறுவது ஏறக்குறைய எல்லாரிடமும் நடக்கும். எல்லாரிடமும் ஒரே மாதிரி நடப்பதால்தான் குழுச் சோதனையில் டி-மதிப்பு (விளைவு இரைச்சலைவிட எத்தனை மடங்கு என்ற எண்) பெரிதாக வருகிறது. அதே காரணத்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் சிறிதாகிவிடுகிறது. நம்பகத்தைச் சொல்லும் எண் ஐசிசி: மொத்த மாறுபாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் பங்கு. அந்த வித்தியாசம் சிறிதாக இருந்தால் ஐசிசியும் விழும். ஸ்ட்ரூப், ஃபிளாங்கர் போன்ற, கவனத்தை அளக்கும் நடத்தைச் சோதனைகளிலேயே இப்படித்தான் என்று ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் 2018-ல் காட்டினார்கள்.

மூளைப் படத்துக்கு வந்தால், எலியட்டும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 90 சோதனைகள், 1,008 பேர். பணி சார்ந்த எஃப்எம்ஆர்ஐ அளவுகளின் சராசரி ஐசிசி 0.397. வழக்கமாகப் பயன்படும் சிசெட்டி வரையறைப்படி 0.40-க்குக் கீழ் என்றால் 'மோசம்'. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை தனி ஆளை அளக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆளுக்குச் சில நிமிடம், எல்லாருக்கும் பொதுவாக வரைந்த ஒரு பகுதி, அதன் சராசரி. இந்த மூன்றையும் மாற்றினால் கதை மாறும்.

தென்காசி புள்ளியியல்

முதல்ல கணக்கைப் பாத்துருவோம் தங்கச்சி.

பத்து நிமிஷ ஸ்கேனுக்கு நம்பகம் 0.4-ன்னு வச்சுக்கிடுவோம். 0.8 வேணும்னா ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி எத்தனை மடங்கு நேரம்? 0.8-ஐ 0.6-ஆல பெருக்குங்க, 0.48. 0.4-ஐ 0.2-ஆல பெருக்குங்க, 0.08. வகுத்தா 6. அதாவது ஆளுக்கு 60 நிமிஷம் சுத்தமான தரவு. தலை அசைஞ்ச பகுதியைக் கழிச்ச பிறகு 60.

அடுத்து, உங்க கேள்வி வாசிப்பு வேகத்தோட தொடர்பு பற்றியது. உண்மையான தொடர்பு 0.5-ன்னே வையுங்க. மூளை அளவோட நம்பகம் 0.4, வாசிப்புச் சோதனையோட நம்பகம் 0.8. ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 0.57 வரும். அதை 0.5-ஆல பெருக்கினா 0.28. நீங்க காணப்போறது 0.28-ஐச் சுத்தித்தான். 40 பேர் வச்சு, தற்செயல் இல்லன்னு 5 சதவீத அளவுல தேற 0.31 வேணும். ஆக, உண்மையா இருக்கிற தொடர்பே உங்க கையில அகப்படாமப் போகத்தான் வாய்ப்பு அதிகம். அகப்பட்டாலும் அளவு ஊதிப்போய்த்தான் வரும்.

6 பேர் வழியில ஆளுக்கு ஆள் தொடர்பையே பேச முடியாது. ஆறு புள்ளியில கோடு போடக்கூடாது. மாரெக்கும் கூட்டாளிகளும் 2022-ல நேச்சர் இதழ்ல எழுதினது இதைத்தான்: மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை மக்கள் கூட்டத்துல தேடணும்னா ஆயிரக்கணக்கான ஆட்கள் வேணும். அதனால கேள்வியைத்தான் மாத்தணும். 'ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுது'ங்கிறதை விட்டுட்டு, 'ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் ரெண்டு நிலைக்கும் (வாக்கியம் வாசிக்கிறது, அர்த்தமில்லாத போலிச்சொல் வாசிக்கிறது மாதிரி) உள்ள வித்தியாசம் நாளுக்கு நாள் திரும்ப வருதா'ன்னு கேளுங்க. அப்ப ஒவ்வொரு ஆளும் தனித்தனி சோதனை. 6 பேர்ல 6 பேருக்கும் வந்தா அது பலமான முடிவு.

பேட்டை மாணவி

கணக்கு புரியுது அண்ணாச்சி. அப்ப ஒரே நாள்ல 60 நிமிஷம் எடுத்தாப் போதுமா? அதை ரெண்டாப் பிரிச்சு ஒப்பிட்டா நம்பகம் கிடைச்சிரும்லா?

பொருநை சிக்னல்

போதாது. ஒரே அமர்வை இரண்டாகப் பிரித்தால் கிடைப்பது உள் ஒத்திசைவு. அன்றைய தூக்கம், பசி, காப்பி, தலை வைத்த கோணம் எல்லாம் இரண்டு பாதிக்கும் பொது. அதனால் எண் அழகாக வரும், நம்பத் தகாது. இரைச்சல் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனி என்ற அனுமானத்தின் மேல்தான் ஸ்பியர்மன்-பிரவுன் நிற்கிறது. நாளுக்கு நாள் மாறுவது அந்தக் கணக்கில் வராது. ஆறு நாளில் பத்துப் பத்து நிமிடம், ஒரே நாளில் அறுபது நிமிடத்தைவிட மேல்.

இதற்குப் பழைய நல்ல சான்று மூளைப் பட ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக். 18 மாதம் தன்னையே திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து 2015-ல் வெளியிட்டார். செவ்வாய்க்கிழமை காப்பியில்லாமல் வெறும் வயிற்றில். வியாழக்கிழமை சாப்பிட்டு, காப்பி குடித்து. உடல் அசைவு, பார்வை சார்ந்த வலைப்பின்னல்களின் (சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளின்) இணைப்பில் அந்த வேறுபாடு தெரிந்தது. நம் ஊரில் ராத்திரி ஸ்கேனுக்கு வருகிறவர் வழியில் ஒரு ஃபில்டர் காப்பி குடித்துவிட்டு வருவார். இன்னொரு நாள் குடிக்காமல் வருவார். குடிக்கக் கூடாது என்று தடை போட வேண்டாம். தினமும் குடிக்கிறவருக்குத் தடை போட்டால் தலைவலி வரும், அதுவும் ஒரு மாற்றம். வழக்கம்போல, அதே நேரத்தில், அதே அளவு. குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

ஆனாலும் மனம் தளர வேண்டாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மிட்நைட் ஸ்கேன் கிளப் தரவு 2017-ல் வந்தது. 10 பேர், ஆளுக்கு 10 அமர்வு, எல்லாம் நள்ளிரவில். ஒவ்வொருவருக்கும் ஓய்வு நிலை மட்டுமே 5 மணி நேரம். அதை வைத்து கிராட்டனும் மற்றவர்களும் 2018-ல் பார்த்தபோது, வலைப்பின்னல் வடிவத்தில் பெரும்பங்கு எல்லாருக்கும் பொதுவானதும் ஆளுக்கே உரியதும்தான். நாளுக்கு நாள் மாறுவதும் பணிக்குப் பணி மாறுவதும் அவற்றைவிடச் சிறிது. போதிய நேரம் எடுத்தால் தனி ஆள் தெளிவாகத் தெரிவார். அந்தத் தரவு ஓப்பன்நியூரோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்கேனரைத் தொடும் முன் அதை இறக்கி உங்கள் பகுப்பாய்வு முழுவதையும் அதில் ஓட்டிப் பாருங்கள்.

தென்காசி புள்ளியியல்

ஒண்ணு விட்டுப்போச்சு. கழித்தல்.

எஃப்எம்ஆர்ஐயில எல்லாமே கழித்தல்தான்: வாக்கியம் கழித்தல் போலிச்சொல். ரெண்டு நிலையோட நம்பகமும் தலா 0.8, ரெண்டுக்கும் இடையில தொடர்பு 0.7-ன்னா, வித்தியாசத்தோட நம்பகம் 0.1-ஐ 0.3-ஆல வகுத்தது, 0.33 தான். ரெண்டு நல்ல அளவைக் கழிச்சு ஒரு மோசமான அளவைச் செய்யுதோம். அதனால ஒப்பிடுற நிலைகளை ரொம்ப நெருக்கமா வைக்காதீங்க. ரொம்ப நெருக்கமான நிலைகள்தான் உங்க கேள்வின்னா, நேரத்தை அதுக்கேத்த மாதிரி கூட்டுங்க.

எந்த ஐசிசின்னும் எழுதிருங்க. ஆட்களோட வரிசை மாறாம இருந்தாப் போதும்னா ஐசிசி 3,1. எண்ணே மாறக்கூடாதுன்னா 2,1. நாளாக ஆக எல்லாருக்கும் சிக்னல் குறைஞ்சா, அதாவது பழகிப்போனா, முதலாவது அதைக் காட்டாது. ரெண்டாவது காட்டும்.

மேலப்பாளையம் மின்முனை

40 மணி நேர ஸ்கேனரை மட்டும் நம்பாம ஈஈஜியையும் (தலையில மின்முனை ஒட்டி மூளையோட மின்னலையைப் பதியறது) யோசிங்க மக்கா. ஆறு தடவை வரச்சொல்ல அதுதான் லேசு. ஆனா நம்ம ஊர்ல அதுக்குன்னு சில தொல்லை உண்டு.

தலை எண்ணெய். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவா இருந்தாலும் மின்முனைக்கும் தோலுக்கும் நடுவுல படலமா நிக்கும், மின்தடை ஏறும். முந்தின ராத்திரி ஷாம்பு போட்டுக் குளிச்சு, எண்ணெய் வைக்காம, நல்லாக் காயவச்சு வரணும்னு அழைப்புச் சீட்டுலயே எழுதுங்க. சீயக்காய் போட்டா தூள் தலையில தங்கும், ஷாம்புதான் நல்லது. பூ, ஹேர்பின் வேண்டாம். சாதாரண மின்முனைக்கு 5 கிலோஓமுக்குக் கீழ கொண்டாங்க. உள்ளீட்டு மின்தடை கூடுதலான பெருக்கின்னா அதோட கையேட்டுல சொன்ன வரம்பு போதும். எண்ணைக் குறைக்கணும்னு தோலைச் சுரண்டிப் புண்ணாக்கக் கூடாது.

வேர்வை. சித்திரை வைகாசியில ஏசி இல்லாம எடுத்தா 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழ அலை அலையா கோடு மிதக்கும். 'ஒரு ஹெர்ட்ஸ்ல வடிகட்டிரலாம்'னு சொல்லுவாங்க. பி300, என்400 (தூண்டலுக்குப் பிறகு 300, 400 மில்லிசெகண்ட் வாக்குல வர்ற மூளை அலைகள்) மாதிரி மெதுவான அலையை அந்த வடிகட்டி கோணலாக்கிரும், இல்லாத பள்ளத்தை முன்னாடி உண்டாக்கும். 0.1-ல நிறுத்துங்க, அறையைக் குளிரவைங்க. ஆள் வந்ததும் மாட்டாதீங்க, வெயில்ல வந்தவங்களை அரை மணி உக்காத்தி வச்சிட்டு மாட்டுங்க.

மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் கோடு தெரியத்தான் செய்யும். அது நாளுக்கு நாள் கூடிக் குறைஞ்சா எர்த்திங்கைப் பாருங்க. கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறும்போதும் இரைச்சல் மாறும். பதிவுக் கணினியை முழுக்க பேட்டரியில ஓட்டினா நல்லது.

தூண்டலை எத்தனை தடவை காட்டணும்? ஒரு தடவைக்குப் பின்னணி இரைச்சல் 15 மைக்ரோவோல்ட்டுன்னா, 36 தடவை சராசரி எடுத்தா ஆறுல ஒரு பங்கு, 2.5. 144 தடவைன்னா 1.25. நாலு மடங்கு உழைச்சா இரைச்சல் பாதி. நீங்க தேடுறது 2 மைக்ரோவோல்ட் வித்தியாசம்னா 36 எதுக்கும் காணாது. ஈஈஜி ஆய்வாளர் ஸ்டீவன் லக் சொன்ன திட்ட அளவீட்டுப் பிழையை ஒவ்வொரு ஆளுக்கும் தனியா கணக்குப் போட்டு வெளியிடுங்க. சராசரி வீச்சுக்கு அது ஒவ்வொரு தடவையோட திட்டவிலக்கத்தை தடவை எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கிறதுதான். உச்சி வீச்சை எடுக்காதீங்க. இரைச்சல் கூடுன ஆளுக்கு உச்சி தானா உசரமா வரும்.

திரையோரத்துல ஒளி உணரி ஒண்ணு ஒட்டுங்க. 60 ஹெர்ட்ஸ் திரைன்னா ஒரு சட்டம் 16.7 மில்லிசெகண்ட். சொல் திரையில தோணுற தாமதம் எப்பவும் ஒரே அளவுன்னா கழிச்சுக்கிடலாம். தடவைக்குத் தடவை மாறினா அலை கரைஞ்சு குட்டையாகும். அந்த மாற்றம் நாளுக்கு நாள் வேறயா இருந்தா, மூளை மாறிட்டுன்னு நினைச்சுருவீங்க.

வண்ணார்பேட்டை கதிரியல்

ஸ்கேனர் பக்கம் நான் சொல்லுதேன்.

மெட்டி, தாலிச் சங்கிலி, வளையல், அரைஞாண், தாயத்து, உலோகத் துகள் உள்ள ஸ்டிக்கர் பொட்டு எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வரச்சொல்லணும். தங்கமும் வெள்ளியும் காந்தத்துல இழுபடாது. ஆனா மின்சாரம் கடத்தும், சூடாகலாம். தாலியைக் கழட்ட மனசில்லாதவங்க உலோகம் இல்லாத மஞ்சள் கயிறா மாத்திட்டு வருவாங்க, அதுவே போதும். இதை வாசல்ல வச்சுக் கேட்டா சங்கடம். போன்லயே பெண் பணியாளர் ஒருத்தர் கேட்கட்டும். கண்ணாடி போடுறவங்களுக்கு பிளாஸ்டிக் சட்டத்துல லென்ஸ் வேணும். அதே பவரை ஆறு நாளும் போடணும்.

ஆறு நாளும் அதே ஹெட்காயில் (தலையைச் சுத்தி வர்ற கூடு), அதே சீக்வென்ஸ் (ஸ்கேன் நிரல்), அதே பக்கம் நோக்கின ஃபேஸ் என்கோடிங் (படத்தை எந்தத் திசையில குறியிடுறதுங்கிற அமைப்பு). ஸ்லைஸ் கோணத்தை முதல் நாள் படத்தோட சேர்த்துப் பிடிக்கணும். கண்ணுக்குழிக்கு மேல, காதுக்குப் பக்கத்துல சிக்னல் இழப்பு எப்பவும் உண்டு. தலை கொஞ்சம் நிமிர்ந்தா இழப்பு இடம் மாறும், உங்க டெம்போரல் முனைப் பகுதியோட எண் நாளுக்கு நாள் ஆடும். எதிர்த்திசை ஃபேஸ் என்கோடிங்ல சில வால்யூம் (வால்யூம்னா முழு மூளையோட ஒரு படம்) ஒவ்வொரு அமர்வுலயும் எடுங்க, கோணலைத் திருத்த உதவும். முதல் நாலஞ்சு வால்யூம் கணக்குல வராது.

அசைவுக்கு: நெற்றிக்குக் குறுக்க மருத்துவ டேப்பை ஒட்டி ரெண்டு முனையையும் காயில் பக்கத்துல ஒட்டுங்க. தலை அசைஞ்சா தோல் இழுபடும், ஆளுக்கே தெரியும், தானா நிறுத்துவாங்க. வெறும் பஞ்சுத் திண்டைவிட இது நல்லா வேலை செய்யும்.

முக்கியமா ஒண்ணு. ஆய்வு நடுவுல இயந்திரத்துக்கு மென்பொருள் அப்டேட் வருதான்னு சர்வீஸ் எஞ்சினியரைக் கேட்டு வச்சுக்கிடுங்க. வாரம் ஒரு தடவை ஃபாண்டம் (ஆளுக்குப் பதிலா வைக்கிற மாதிரிப் பொருள்) ஸ்கேன் போட்டு நிலைத்தன்மையைக் குறிச்சு வைங்க. எண் ஆடினா அது ஆளா இயந்திரமான்னு பிரிக்க வேற வழி கிடையாது.

பேட்டை மாணவி

ரொம்ப நன்றி. வாக்சல் (படத்தோட குட்டிக் கனசதுரம்) 2 மில்லிமீட்டரா 3-ஆ? ஸ்மூத்திங் (பக்கத்து வாக்சல்களைக் கலந்து படத்தை மழுப்புறது) 8-ன்னு வழக்கமா போடுதாங்களே?

பொருநை சிக்னல்

3 மிமீ வாக்சலின் கன அளவு 27, 2 மிமீயின் கன அளவு 8. சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். உங்களிடம் உள்ள நேரத்துக்கு 2.5 அல்லது 3 போதும். ஸ்மூத்திங் 8 மிமீ என்பது வெவ்வேறு தலைகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வந்த பழக்கம். நீங்கள் ஒரே தலையைத்தான் திரும்பப் பார்க்கிறீர்கள். 4 போதும், இல்லாமலும் செய்யலாம். பிராகாவும் பக்னரும் 2017-ல் 4 பேரை ஆளுக்கு 24 தடவை ஸ்கேன் செய்தபோது, குழுச் சராசரியில் ஒன்றாகத் தெரிந்த டிஃபால்ட் வலைப்பின்னல் (சும்மா இருக்கும்போது எழும்பும் பகுதிகளின் கூட்டம்) பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டாகப் பிரிந்தது. சராசரியும் ஸ்மூத்திங்கும் சேர்ந்து மறைப்பது இப்படிப்பட்ட விவரத்தைத்தான்.

பகுதியை ஆளுக்கு ஆள் கண்டுபிடியுங்கள். மொழி மூளை ஆய்வாளர் ஃபெடரென்கோவும் கூட்டாளிகளும் 2010-ல் தொடங்கிவைத்து, பிறகு மெருகேற்றிய முறை: பொதுவான பெரிய எல்லைக்குள், இந்த ஆளின் முதல் ரன்னில் (ரன் என்பது நிறுத்தாமல் எடுக்கும் ஒரு ஸ்கேன் சுற்று) வாக்கியத்துக்கு அதிகம் ஏறும் 10 சதவீத வாக்சல்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது ரன்னில் அவற்றின் சிக்னலை அளப்பது. பிறகு ரன்களை மாற்றி அதையே செய்து சராசரி எடுப்பது. தேர்ந்த ரன்னிலேயே அளந்தால் எல்லா எண்ணும் பொய்யாக உயரும். 'பி 0.001-க்குக் கீழ்' என்று வெட்டாமல் 10 சதவீதம் என்று வைப்பதற்கும் காரணம் உண்டு. சோர்வான நாளில் வெட்டைத் தாண்டும் வாக்சல் குறையும், இரண்டு நாள் படங்களும் பொருந்தாதது போலத் தோன்றும். இடம் மாறியிருக்காது, வெட்டுத்தான் மாறியிருக்கும்.

எதிர்வினை வளைவையும் (தூண்டலுக்குப் பிறகு சிக்னல் ஏறி இறங்கும் வடிவம்) ஆளுக்கு ஆள் மதிப்பிடுங்கள். உச்சி 5, 6 வினாடியில் வரும் என்பது சராசரி. வளைவு ஒரே ஆளுக்குள் மாறுவதைவிட ஆளுக்கு ஆள் அதிகம் மாறும் என்பது 1998 முதலே தெரிந்தது. ஜிஎல்எம்சிங்கிள் என்ற மென்பொருள் இதைச் செய்யும்.

அம்பை மொழியியல்

வாக்கியப் பட்டியல் பற்றி யாரும் பேசவில்லையே. தமிழில் இது தனி வேலை.

ஃபெடரென்கோ குழுவின் ஆங்கிலச் சோதனையில், இப்போது பரவலாகப் பயன்படும் வடிவத்தில், ஒரு தடவைக்கு 12 சொல், சொல்லுக்கு 450 மில்லிசெகண்ட், ஆக 5.4 வினாடி. 'போய்விட்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற சொல் 450-க்குள் கண்ணுக்கு ஏறாது. வாசிக்க முடியாமல் போன வாக்கியம் போலிச்சொல்லுக்குச் சமம். தமிழுக்கு 8 சொல், சொல்லுக்கு 675 மில்லிசெகண்ட் என்று வைத்தால் அதே 5.4 வினாடி வரும். எழுத்தெண்ணிக்கையை இரண்டு பட்டியலிலும் சமமாக்குங்கள்.

போலிச்சொல் தமிழ் ஒலி ஒழுங்குக்குள் நிற்க வேண்டும். ட, ண, ற, ன, ழ, ள முதலில் வரக்கூடாது. வல்லின மெய்யில் முடியக்கூடாது. 'றழாக்' என்று எழுதினால் வாசிப்பவர் தடுக்கி நிற்பார், கவனப் பகுதிகள் எழும்பும், உங்கள் கழித்தலில் மொழியல்லாத ஒன்று புகும். 'தெகிமல்', 'பவூரி' போல இருக்கட்டும். -ஐ, -க்கு, -இல் போன்ற உருபுகளை அப்படியே ஒட்டிவிட்டால் வாசிப்பவர் இலக்கணத்தைப் பகுக்கத் தொடங்கிவிடுவார். அது போலிச்சொல் நிலையிலும் மொழிப் பகுதியை எழுப்பி வித்தியாசத்தைச் சுருக்கும்.

ஆளுக்குள் ஒப்பிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. எழுத்துத் தமிழ் வாக்கியமும், அதே பொருளுள்ள நெல்லைப் பேச்சு வாக்கியமும். 'அவர்கள் சொல்கிறார்கள்', 'அவுஹ சொல்லுதாஹ'. ஆனால் பேச்சு வடிவை எழுத்தில் காட்டினால் பழக்கமில்லாத எழுத்துக்கூட்டே தடையாகும். இரண்டையும் ஒலியாகவே கொடுங்கள், ஒரே குரலில். ஸ்கேனர் சத்தத்தில் கேட்கும்படி ஒலியளவை முதல் நாள் சரிசெய்து ஆறு நாளும் மாற்றாதீர்கள்.

கடையநல்லூர் தகப்பன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். பிள்ளையின் தலையில் பட்டை மாட்டி பத்து நிமிடத்தில் எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்லும் மையங்கள் இருக்கின்றன. மேலே உள்ளதைப் படித்தபின் கேட்கிறேன், அதை நம்பலாமா?

பொருநை சிக்னல்

வேண்டாம் ஐயா. பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை, பத்து நிமிடம், சில மின்முனை. அதிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்பைச் சொல்ல அறிவியலில் அடிப்படை இல்லை. அதே பிள்ளையை அடுத்த வாரம் அளந்தால் என்ன வரும், வந்த எண் படிப்பை முன்னறிவிக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் அவர்களிடம் எழுத்தில் விடை கேளுங்கள். வலிப்பு, தூக்கக் கோளாறு போன்றவற்றுக்கு நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் ஈஈஜி வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதே கவலை நீதிமன்றத்துக்கும் வந்தது. மூளை மின்னலைச் சோதனை, உண்மையறியும் சோதனைகளை ஒருவரின் சம்மதமில்லாமல் நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது.

பேட்டை மாணவி

எல்லாத்தையும் வச்சு மாத்தி எழுதியிருக்கேன். 6 பேர், ஆளுக்கு 6 நாள், ஒரு வார இடைவெளி. ஒவ்வொரு நாளும் வாசிப்பு லோக்கலைசர் (மொழிப் பகுதியைக் கண்டுபிடிக்கிற சோதனை) ரெண்டு ரன், ஒரு ரன் 358 வினாடி. பிறகு எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் கேட்கிற ரன் நாலு. எல்லாம் சேர்த்து ஒரு மணிக்குள்ள. 36 மணி போக மீதி 4 மணி, யாராவது அசைஞ்சு கெட்டுப்போன நாளுக்கு. வழிகாட்டிக்கு அந்த 0.28 கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கிட்டாங்க.

அம்பை மொழியியல்

358 வினாடி ரன்னில் 16 தொகுதி, தொகுதிக்கு 3 தடவை, பாதி வாக்கியம். அதாவது ரன்னுக்கு 24 வாக்கியம். 12 ரன்னுக்கு 288 வாக்கியம், 288 போலிச்சொல் வரிசை. எதுவும் திரும்ப வரக்கூடாது. இரண்டாம் முறை பார்க்கும் வாக்கியத்துக்குச் சிக்னல் இறங்கும், அதை நாள் மாற்றம் என்று படித்துவிடுவீர்கள். பட்டியலை இப்போதே தொடங்குங்கள்.

தென்காசி புள்ளியியல்

பட்டியல் 1 முதல் நாள், பட்டியல் 2 ரெண்டாம் நாள்னு எல்லாருக்கும் ஒரே வரிசையில வைக்காதீங்க. ஒரு பட்டியல் கொஞ்சம் கஷ்டமா அமைஞ்சா அந்த நாளே எல்லாருக்கும் வேறயாத் தெரியும். 6 பட்டியல், 6 ஆள், 6 நாள். ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு நாள்ல ஒரே ஒரு ஆளுக்கு வர்ற மாதிரி லத்தீன் சதுரம் போடுங்க. கேட்கிற ரன்களுக்கும் அதேதான். எந்த நிலை முதல்ல வரணும்ங்கிறதையும் நாளுக்கு நாள் மாத்துங்க. எந்த அமர்வைத் தள்ளுவீங்க, எத்தனை வால்யூம் அரை மில்லிமீட்டருக்கு மேல அசைஞ்சா தள்ளுவீங்கன்னு முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடியே எழுதிப் பதிவு பண்ணிருங்க.

வண்ணார்பேட்டை கதிரியல்

படத்துல ஏதாவது கட்டி, ரத்தக்குழாய்க் கோளாறு தென்பட்டா எந்த டாக்டர் பாப்பாரு, ஆளுக்கு யாரு சொல்லுவாங்கன்னு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கிற தாள்ல பெயரோட எழுதணும். ஆறு தடவை வர்ற ஆட்கள், சம்மதப் படிவத்துலயும் 'தெரிய வேணுமா, வேண்டாமா'ன்னு கட்டம் இருக்கட்டும். ராத்திரி 10 மணிக்கு மேல ஊருக்குள்ள பஸ் கிடைக்கிறது கஷ்டம், போக்குவரத்துச் செலவையும் பட்ஜெட்டுல சேருங்க. நாலாவது அமர்வுக்கு மேல ஆட்கள் நின்னுபோறதுக்கு அதுதான் பெரிய காரணம்.